இடது ஓரத்து வழக்கு

சோல்வாய் ப்ரூன் தன் முதல் வேலையை உதறியது அந்த வேலை கிடைப்பதற்கு முன்பே. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்து, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகி, ஒரு குளிர்காலத்தில் அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டது. டிஸ்டெட் என்ற சிற்றூரிலிருந்து அப்பா தன் மீன் லாரியிலேயே அவளை ஓல்போர்க் நகரத்துக்குக் கூட்டிவந்து, பார்வை போனவர்களுக்கு வழிகாட்டும் அலுவலகத்து வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே இருந்த பெண்மணி பஞ்சுபோலப் பேசினாள்.

“உன் குரல் ரொம்ப இனிமையா இருக்கும்மா. நகராட்சியில டெலிபோன் எடுக்கிற வேலை ஒண்ணு காலியா இருக்கு. உனக்குன்னே செஞ்ச மாதிரி.”

“என் பல்லும்தான் உறுதியா இருக்கு. அதுக்காக என்னை வண்டியில பூட்டிடுவீங்களா?” என்று கேட்டுவிட்டு விருட்டென எழுந்து, கதவைத் திறந்துகொண்டு நடந்தாள் சோல்வாய்.

அது அலமாரிக் கதவு. உள்தட்டில் மோதி நெற்றி புடைத்தது. தொங்கிய கோட்டுகளுக்குள்ளிருந்து தலையை வெளியே இழுத்து, சுவரைத் தடவிச் சரியான கதவைக் கண்டுபிடித்து, அதை ஓங்கிச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

லாரியில் அப்பா கேட்டார். “என்ன சொன்னாங்க?”

“போன் எடுக்கச் சொன்னாங்க.”

“நீ?”

“முடியாதுன்னுட்டேன்.”

“நெத்தியில என்ன அது?”

“அலமாரி.”

அப்பா கியரை மாற்றினார். “அலமாரிக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார் பிறகு.

அப்படித்தான் அவள் கணினி படிக்கப் போனாள். கைத்தடியை மட்டும் இரண்டு வருஷம் தொடவே இல்லை. துறைமுகத்தருகே எதிர்க்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்துவந்த ஒருவனுடைய சைக்கிள் அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பிளந்தபிறகு, மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே, “சரி, அந்தக் குச்சியைக் கொண்டுவாங்க” என்றாள். தோற்றதை ஒத்துக்கொள்ள அவளுக்குத் தெரியும். எலும்பு முறிகிறவரைக்கும் மாட்டாள், அவ்வளவுதான்.

இப்போது சொல்லவந்தது, அவளுக்கு நாற்பதைத் தாண்டியபிறகு நடந்த சண்டை. வெற்றிடத்துக்காக நடந்த சண்டை அது. எழுத்துக்காகக்கூட இல்லை, எழுத்துக்கு முன்னால் இடது ஓரத்தில் விடப்படும் வெறும் இடத்துக்காக.

அவள் வேலைபார்த்த நிறுவனம், வடக்கு யூட்லாந்து வட்டாரம் முழுவதும் பேருந்து நிறுத்தங்களில் தொங்கும் பலகைகளுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த பேருந்து எது, எப்போது வரும், எங்கே சாலை வெட்டியிருக்கிறார்கள், எல்லாம். அந்தத் தகவல் முழுக்கச் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருந்தது. அந்தக் கோப்புகளில் அடைப்புக்குறி கிடையாது, காற்புள்ளி கிடையாது, இங்கே தொடங்குகிறது இங்கே முடிகிறது என்று சொல்லும் எந்தக் குறியும் கிடையாது. யாருக்கு யார் சொந்தம் என்பதை இடது ஓரம்தான் சொல்லும். பேருந்துத் தடத்தின் பெயர் ஓரத்தை ஒட்டி நிற்கும். அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தத்தின் பெயர். இன்னும் உள்ளே தள்ளி நேரங்கள். இப்படியே படிப்படியாக உள்ளே போய், ஐந்தாவது படியில், ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதுபோன்ற குறிப்புகள். உள்ளே தள்ளி நிற்கும் வரி, மேலே இருக்கும் வரியின் பிள்ளை. ஒரே ஆழத்தில் நிற்பவை உடன்பிறப்புகள். ஒரு வரி பின்னுக்கு நகர்ந்தால் அந்தக் குடும்பத்தை விட்டே வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

கண் உள்ளவர்களுக்கு இது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். சோல்வாய்க்கு விரலால் விளங்கியது. அவள் விசைப்பலகையின் முன்னால் பிரெயில் பட்டை ஒன்று இருக்கும். அதில் வரிசையாக நாற்பது கட்டங்கள். கோப்பின் ஒவ்வொரு வரியும் அந்த நாற்பது கட்டங்களில் சின்னச் சின்ன முனைகளாக எழும்பும். அவள் விரல்கள் அதன்மேல் ஓடும். விசைப்பலகையின் இடது பக்கம் இருக்கும் டேப் விசையைத் தட்டி உள்ளே தள்ளினால், எத்தனை படி உள்ளேயோ அத்தனை கட்டம்தான் காலியாகும். மூன்று படி என்றால் மூன்று காலிக் கட்டம். விரல் மூன்று முறை வழுக்கும், நாலாவதில் எழுத்து. பன்னிரண்டு வருஷமாக அவள் அப்படித்தான் படித்துவந்தாள். வேகத்தில் யாருக்கும் குறைந்தவளில்லை, யாரையும்விட மேதாவி என்று சொல்லிக்கொண்டதுமில்லை.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து ட்ரோல்ஸ் வந்தான். கோபன்ஹேகனிலிருந்து வந்தவன், தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவன். நல்ல பையன்தான். சிரித்துப் பேசுவான், எல்லோர் பிறந்தநாளுக்கும் அந்த ஊர் வழக்கப்படி மேசையில் சின்னக் கொடி வைக்க மறக்கமாட்டான். அவன் வந்த சில நாட்களில் ஒரு தப்பு நடந்தது. நீபே ஊரின் நிறுத்தம் ஒன்று, ஹோப்ரோ போகும் தடத்தின்கீழ் போய் ஒட்டிக்கொண்டது. வராத பேருந்துக்காக ஒரு கூட்டம் மழையில் நின்றது. காரணம், அந்தக் கோப்பில் சில வரிகள் டேப் விசையாலும் சில வரிகள் ஸ்பேஸ் விசையாலும் உள்ளே தள்ளப்பட்டிருந்தன. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இயந்திரத்துக்கு அவை வேறுவேறு.

யாருடைய கைவேலை என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அதைப்பற்றிப் பேச்சு எழுந்தபோது அறையில் ஒரு நொடி அமைதி விழுந்தது. அந்த அமைதி எந்தப் பக்கம் திரும்பியது என்பதைத் தெரிந்துகொள்ள சோல்வாய்க்குக் கண் தேவைப்படவில்லை.

மறுவாரம் ட்ரோல்ஸ் எல்லோருக்கும் உத்தரவு அனுப்பினான். இனி எந்தக் கோப்பிலும் டேப் கூடாது. ஒவ்வொரு படிக்கும் நான்கு ஸ்பேஸ். கோப்புகள் உள்ளே போகும் வாசலில் ஒரு சோதனை நிரல் உட்கார்ந்திருக்கும், டேப் உள்ள கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும்.

சோல்வாய் எல்லோருக்கும் போகும்படியே பதில் எழுதினாள். ஒரே சொல். “முடியாது.”

ட்ரோல்ஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான். முதலாளியையும் நீ என்று பேசும் ஊர் என்பதால் பேச்சு நேராகவே இறங்கியது.

“சோல்வாய், இது யாரையும் குறிவச்சுப் போட்ட விதி இல்ல. நீபேல என்ன நடந்துச்சுன்னு பார்த்தியே.”

“பார்க்கல. கேட்டேன்.”

“ரெண்டும் கலந்தா ஆபத்து. ஒண்ணுதான் இருக்கணும்.”

“ரொம்பச் சரி. டேப் மட்டும்னு வை.”

“உலகத்துல பாதிப்பேர் ஸ்பேஸ்தான் வைக்கிறாங்க.”

“மீதிப் பாதி?” அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைப் பிரெயில் பட்டையின்மேல் வைத்தாள். “இது என் திரை. எண்ணிப் பாரு, நாற்பது கட்டம். நம்ம குறிப்பு வரியெல்லாம் அஞ்சாவது படியில நிக்குது. அஞ்சு நாலு எவ்வளவு?”

“இருபது.”

“என் திரையில பாதி வெறும் மொட்டை. உன் திரையில இடது பாதியைக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சுட்டு வேலை பாருன்னா பார்ப்பியா?”

ட்ரோல்ஸ் விரலை எடுத்துக்கொண்டான். அவன் யோசிப்பது மூச்சில் தெரிந்தது. “உன் மெஷின் வாய்விட்டும் படிக்குமே. எத்தனை ஸ்பேஸ்னு அதுவே சொல்லிடும்தானே? அதை வச்சுக் கொஞ்சநாள் முயற்சி பண்ணேன். பழகிடும்.”

பழகிடும் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அலமாரி ஞாபகம்தான் வரும்.

“சரி,” என்றாள். “முயற்சி பண்றேன்.”

மறுநாள் காலை அவள் காதில் மாட்டும் கருவியைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டாள். கணினியின் ஒலிபெருக்கியை முழுசாகத் திறந்துவிட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் படிக்கும்படி குரலைத் திருப்பினாள். பிறகு ஒரு கோப்பைத் திறந்தாள்.

“ஸ்பேஸ். ஸ்பேஸ். ஸ்பேஸ். ஸ்பேஸ்,” என்றது அந்தக் குரல், சாவு வீட்டில் ஜெபம் படிக்கும் பாதிரியார்போல. “ஸ்பேஸ். ஸ்பேஸ். ஸ்பேஸ். ஸ்பேஸ். என். ஐ. பி. இ.”

பெரிய திறந்த அறை அது. ஜன்னலோரத்திலிருந்து காபி மேசைவரை எல்லோர் காதிலும் விழுந்தது. முதலில் சிரித்தார்கள். பத்து மணிக்குச் சிரிப்பு நின்றது. மதியம் கறுப்பு ரை ரொட்டியையும் ஈரல் பசையையும் எடுத்துக்கொண்டு பாதிப்பேர் படிக்கட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் கோப்புகளை டேப் வைத்தே அனுப்பினாள். வாசல் நிரல் திருப்பி அனுப்பியது. மறுபடி அனுப்பினாள், மறுபடி திரும்பியது. திரும்பி வந்ததை ஒவ்வொரு தடவையும் பாதிரியார் வாயாலேயே உரக்கப் படிக்கவைத்தாள்.

இப்படியே நாட்கள் போயின. அவள் நினைத்தது, எரிச்சல் ட்ரோல்ஸ்மேல் திரும்பும் என்று. திரும்பியது அவள்மேல்.

எல்லோரையும்விடக் காட்டமாகப் பேசியது பிர்தே. அறுபதை நெருங்கியவள், தொழிற்சங்கப் பிரதிநிதி, சோல்வாய்க்கு முதுகைக் காட்டியபடி பின்மேசையில் உட்காருபவள். பன்னிரண்டு வருஷம் ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிட்டவள்.

“உன் வயித்தெரிச்சலை ட்ரோல்ஸ் காதுல போய்ப் படி. எங்க காதுல எதுக்கு ஓதுற?”

“அவன்தான் முயற்சி பண்ணச் சொன்னான். பண்றேன்.”

“இது முயற்சி இல்ல, அழிச்சாட்டியம். எனக்கு மண்டை வெடிக்குது, தெரியுமா?”

“பழகிடும்,” என்றாள் சோல்வாய்.

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிர்தேயின் மண்டை வெடிப்பு நிஜம் என்று அவளுக்குத் தெரியும். வேறு ஒன்றும் தெரியும். சில மாதங்களாகப் பிர்தேயின் நாற்காலி முன்னுக்குச் சாயும்போது கிறீச்சிட்டது. முன்பெல்லாம் அப்படிச் சாயமாட்டாள். அவள் மூச்சு திரையில் பட்டுத் திரும்புவது கேட்டது, மூக்கு திரையை உரசுகிற அளவு நெருங்கினால்தான் அப்படிக் கேட்கும். மவுஸின் சக்கரத்தை விரலால் உருட்டி எழுத்தைப் பெரிதாக்கும் சத்தம் நாளுக்குநாள் கூடிக்கொண்டே வந்தது. குழாய் சுருங்கிய காலத்தில் சோல்வாயும் இதே சத்தங்களைத்தான் போட்டாள், யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

மோவன்ஸ் அடுப்படியில் இருந்தான். அவளோடு வாழ்பவன், பள்ளிக்கூடத்தில் சமையல்காரன். உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டான்.

“அந்த அம்மா விஷயத்தைச் சொல்லிட்டா நீ ஜெயிச்சுடுவியே. கண்ணிருக்கிறவளுக்கும் இந்த நாலு ஸ்பேஸ் இடைஞ்சல்தான்னு ஆயிடும்ல?”

“ஆயிடும். எழுத்தை அவ்வளவு பெருசு பண்ணா இருபது ஸ்பேஸ் வரியைத் திரைக்கு வெளியவே தள்ளிடும். டேப்னா, ஒரு படிக்கு எவ்வளவு இடம்னு அவளே குறைச்சு வச்சுக்கலாம்.”

“அப்ப சொல்லு.”

“அது அவ கண்ணு,” என்றாள் சோல்வாய். “நான் எடுத்து வீச அது என்ன, என் செருப்பா?”

மோவன்ஸ் உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போட்டான்.

விஷயம் நிர்வாகி அக்னேத்தேயிடம் போனது. அக்னேத்தே கூட்டம் போட்டாள். அந்த ஊரில் எதற்கும் முதலில் கூட்டம், பிறகு காபி, பிறகு வாக்கெடுப்பு. ட்ரோல்ஸ் ஒரு சமரசத்தோடு வந்திருந்தான். இரவெல்லாம் உட்கார்ந்து சின்ன நிரல் ஒன்று எழுதியிருந்தான். கோப்புகள் ஸ்பேஸோடுதான் இருக்கும். சோல்வாய் திறக்கும்போது மட்டும் அவள் கணினியில் அவை டேப்பாக மாறும், மூடும்போது திரும்பவும் ஸ்பேஸ் ஆகிவிடும்.

“இதைவிட நியாயமா என்ன செய்யமுடியும்?” என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டான். உண்மையாகவே கேட்டான்.

“நல்ல நிரல்தான்,” என்றாள் சோல்வாய். “அதையே திருப்பிப் போடு. கோப்புல டேப் இருக்கட்டும். ஸ்பேஸ் வேணும்ங்கிறவங்க தங்கள் கணினியில மாத்திக்கட்டும். நிரல் அதேதான், ஒரு எழுத்துகூடப் புதுசா எழுத வேண்டாம்.”

யாரோ காபி ஊற்றினார்கள்.

“ஆனா,” என்றான் ட்ரோல்ஸ், “அப்போ எல்லாரும் அதைப் போடணும். உனக்குன்னா ஒருத்தர் போட்டாப் போதுமே.”

“அதாவது, உங்க எல்லாருக்கும் முன்வாசல். எனக்கு மட்டும் கொல்லைப்புறமா ஒரு ஏணி.”

“ஏணி வேலை செய்யுதுல்ல?” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“வேலை செய்யும். எல்லாரும் ஒரு கோப்பைப் பத்திப் பேசும்போது என் கையில மட்டும் வேற கோப்பு இருக்கும். நீங்க பன்னிரண்டாவது இடத்துல தப்புன்னு சொல்வீங்க, எனக்கு அது மூணாவது இடம். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டு வந்து சிரிக்கணும். பன்னிரண்டு வருஷமா நான் உங்களோட ஒரே கோப்பைத்தான் படிச்சேன். யாருக்காச்சும் இடைஞ்சலா இருந்துச்சா?”

அக்னேத்தே வாக்கெடுப்புக்கு விட்டாள். கைகள் உயரும்போது சட்டைத் துணி உரசும் சத்தம் வரும். சோல்வாய் அதைக் கேட்டாள். அவளுக்குச் சரியாக முதுகுப்பக்கத்தில், மிக அருகில், ஒரு கம்பளிச் சட்டை உரசியது. பிர்தே கை தூக்கியது ட்ரோல்ஸின் பக்கத்துக்கு.

பெரிய வித்தியாசத்தில் தோற்றாள்.

“முடிவாயிடுச்சு,” என்றாள் அக்னேத்தே தணிந்த குரலில். “நிரலைப் போட்டுக்கோ சோல்வாய்.”

“போடமாட்டேன். என் விரலை ஓட்டுக்கு விட நான் சம்மதிக்கல.”

“அப்படின்னா உன்னைக் கோப்பு வேலையில வச்சுக்கிறது கஷ்டம். வாடிக்கையாளர் பிரிவுல போன் எடுக்க ஆள் தேவைப்படுது. வர்ற வாரத்துலேர்ந்து…”

சோல்வாய் வாய்விட்டுச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. இருபது வருஷமாக அந்த டெலிபோன் அவளைத் துரத்திக்கொண்டு வருகிறது!

“துரத்துறதுன்னா வேலையை விட்டே துரத்துங்க,” என்றாள். “போனை மட்டும் எடுக்கமாட்டேன். திங்கட்கிழமை என் மேசைக்குத்தான் வருவேன். டேப் வச்சுத்தான் எழுதுவேன். உங்க வாசல் திருப்பி அனுப்பட்டும்.”

படிக்கட்டில் பிர்தே அவளைப் பிடித்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

“கோவிச்சுக்காதே. நான் சங்கத்து ஆள். எல்லாருக்கும் பொதுவா நிக்கணும்.”

“நீ எனக்கு எதிரா கை தூக்கினதுக்கு நான் கோவிச்சுக்கல.”

“அப்புறம்?”

“உனக்கு எதிராவும் நீயே தூக்கினியே, அதுக்குத்தான்.”

பிர்தே நின்றுவிட்டாள். மேலே யாரோ கதவைச் சாத்தினார்கள்.

“எப்படித் தெரியும்?” என்றாள் பிர்தே, குரலே மாறிப்போய்.

“உன் நாற்காலி கத்துது. உன் மூச்சு கண்ணாடியில பட்டு எனக்குக் கேட்குது. நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

“டாக்டர், பார்வைக்கு நடுவுல ஒரு பொட்டு மாதிரி கறுப்பா விழுந்திருக்குங்கிறார். பார்க்க நினைக்கிற இடத்துலதான் அது வந்து உட்காருது.” பிர்தே கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். “இங்க தெரிஞ்சா என்ன ஆகும்னு நீயே இப்பப் பார்த்தியே. உன்னை எங்க அனுப்பறாங்கன்னு. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். ஓட்டிடலாம்னு பார்க்கிறேன்.”

“ஓட்டு,” என்றாள் சோல்வாய். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். மனம் வரவில்லை. கைத்தடியைத் தட்டிக்கொண்டு இறங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலை யாராவது ஒருவர் முறைவைத்து எல்லோருக்கும் ரொட்டி வாங்கிவருவது வழக்கம். அன்றைக்கு ஒலிபெருக்கியை அவள் திறக்கவில்லை. குரலைக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது. ரொட்டி சூடாக இருந்தது, வெண்ணெய் உருகும் வாசம், சீஸ் சீவும் கம்பியின் சத்தம். அவள் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. திங்கட்கிழமையைப்பற்றி நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தை வெளியே காட்டாமல் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கிறீச்சென்று நாற்காலி ஒன்று பின்னுக்கு நகர்ந்தது.

“ஒரு விஷயம் சொல்லணும்,” என்றாள் பிர்தே. “சங்கத்து விஷயம் இல்ல. வாயில இருக்கிறதை முழுங்கிட்டுக் கேளுங்க. எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு.”

கத்திகள் தட்டில் நின்றன.

“ஒரேயடியா இல்ல, நடுவுல மட்டும். நீபே கூத்து நடந்தப்ப எல்லாரும் யார் பக்கம் திரும்பினீங்கன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அந்தப் பக்கம்தான் திரும்பினேன். அது என் கையாவும் இருந்திருக்கலாம். தெரியல. எழுத்தைப் பெருசு பண்ணித்தான் படிக்கிறேன். உங்க நாலு ஸ்பேஸ் வந்ததிலேர்ந்து பாதி வரி திரைக்கு அந்தாண்டை விழுது. துரத்திக்கிட்டே ஓடுறேன், தினமும். மண்டை வெடிக்குதுன்னு இவளைத் திட்டினேனே, அது பாதிரியாரால மட்டும் இல்ல.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “ட்ரோல்ஸ், நேரடியாக் கேட்கிறேன். என்னையும் போனுக்கு அனுப்புவியா?”

ட்ரோல்ஸ் தன் தட்டைத் தள்ளிவைத்தான். “இல்ல,” என்றான். “உனக்கு ஒரு படிக்கு எவ்வளவு இடம் இருந்தா வசதி?”

“ஒண்ணு. ஒரே ஒரு எழுத்து அகலம்.”

“எனக்கு நாலு பிடிக்கும். சோல்வாய்க்கு…”

“ஒரு கட்டம்,” என்றாள் சோல்வாய், ரொட்டியை மென்றபடி. “நீ எத்தனை அகலம் வச்சுக்கிட்டாலும் எனக்கு ஒரு கட்டம்தான். அதுக்குப் பேருதான் டேப். அதைத்தான் நான் இத்தனை வாரமா…”

“தெரியுது,” என்றான் அவன்.

ரொட்டித் துணுக்குகளைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை அங்கேயே, வெண்ணெய்க்கும் ஜாமுக்கும் நடுவில், திறந்தான். சோதனை நிரலில் மாற்றவேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. டேப் கூடாது என்றிருந்த இடத்தில் ஸ்பேஸ் கூடாது என்று எழுதினான். அக்னேத்தே குறுக்கிடவில்லை. தன் கோப்பையை மட்டும் மேசையில் சத்தமில்லாமல் வைத்தாள். தன் நிரலைத் திருப்பிப்போட்டு, மதியத்துக்குள் எல்லாக் கோப்புகளையும் ட்ரோல்ஸ் மாற்றிவிட்டான். இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். ஒருவன் இன்றைக்கும் அதைக் குறைசொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

சாயங்காலம் கோட்டு மாட்டும் இடத்தில் ட்ரோல்ஸ் அவளுக்காகக் காத்திருந்தான்.

“ஒண்ணும் சொல்லமாட்டியா?”

“என்ன சொல்லணும், நன்றியா?”

“இல்ல, அப்படி இல்ல…”

“வந்த முதல் நாளே என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் நீ. எப்படிப் படிக்கிறன்னு. ஒரே கேள்வி.”

“கேட்கலதான்,” என்றான். பிறகு, “கேட்டிருக்கணும்.”

“இனிமே கேளு,” என்று கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

வெளியே வழக்கம்போல் பக்கவாட்டில் மழை. பிர்தே அவளோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்தாள். ஒரு கை சோல்வாயின் முழங்கையைப் பிடித்திருந்தது. யார் யாருக்கு வழிகாட்டுகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது.

“சந்தோஷமா இருக்கியா?” என்றாள் பிர்தே.

“இல்ல.”

“ஜெயிச்சுட்டியே.”

“நானா ஜெயிச்சேன்? என் விரல் சொன்னப்ப ஒருத்தனும் கேட்கல. உன் கண்ணு சொன்னதும் ரொட்டி ஆறுறதுக்குள்ள மாத்திட்டாங்க.”

பிர்தே நடையைத் தளர்த்தினாள். “என்மேலயும் கோவமா?”

“இல்லைன்னு சொல்லமாட்டேன்,” என்றாள் சோல்வாய். “ஆனா நீ எழுந்து நின்னப்ப என் தொண்டையில ரொட்டி அடைச்சுக்கிச்சு. அதையும் சொல்லிடறேன்.”

பிர்தே சிரித்தாளா அழுதாளா என்று சொல்லமுடியாது. மழையில் இரண்டும் ஒரே சத்தம்தான்.

கோபம் தணிய அந்தக் கோடை முழுக்க ஆனது. அதன்பிறகு பிர்தே சோல்வாயிடம் பிரெயில் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். முதலில் கெட்ட வார்த்தைகளைத்தான் கற்றுக்கொண்டாள், அவைதான் சின்னதாக இருக்கின்றன என்று சொன்னாள். ஓய்வு பெறுகிறவரைக்கும் அதே பின்மேசையில் உட்கார்ந்து கோப்பு வேலையே செய்தாள். ட்ரோல்ஸ் இரண்டு வருஷம் கழித்துக் கோபன்ஹேகனுக்கே திரும்பிப் போனான். போவதற்குமுன், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கான குறிப்பின் முதல் வரியில், கோப்புகளில் டேப் மட்டும் என்று எழுதிவைத்தான். காரணம் கேட்டால் சோல்வாயிடம் கேட்கவும் என்பது இரண்டாவது வரி. அந்த இரண்டாவது வரியை அவள் எடுக்கச்சொல்லிவிட்டாள். தானொன்றும் காட்சிப்பொருள் இல்லை என்றாள்.

போன குளிர்காலத்தில் அலுவலகத்துக்குப் புதுக் காபி இயந்திரம் வந்தது. பொத்தான்கள் கிடையாது. வழவழவென்று ஒரே கண்ணாடிப் பலகை. தொட்டால் வேலைசெய்யும், தொடும் இடம் கண்ணுக்குத்தான் தெரியும். எது வேண்டும் சொல், நான் அழுத்தித் தருகிறேன் என்று ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். சோல்வாய் யாரையும் கிட்டே விடவில்லை. கண்ணாடியில் கைபோன இடத்தைத் தட்டி, விழுந்ததைப் பிடித்து, கோப்பை கோப்பையாகக் கொண்டுபோய் அக்னேத்தேயின் மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் கோகோ, ஒன்றில் தக்காளி சூப்.

“என்ன இதெல்லாம்?” என்றாள் அக்னேத்தே.

“எனக்கெப்படித் தெரியும்?” என்றாள் சோல்வாய். “நான் கேட்டது காபி.”